ரோலர் காம்பிராவில் கண்ணைப் பார்க்காதவர்கள்

இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் திருவிழா மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். "பரவாயில்ல மாமா, எழுதுங்க, நாங்க திருத்திக்கிறோம்" என்றார்கள். திருத்தக் கூடாது என்று பேசிக்கொண்டுதான் எழுதுகிறேன். என்னைத் திருத்த வந்தவர்களைப் பற்றித்தான் கட்டுரையே.

என்னை ஏன் கேட்டார்கள் என்றால், போன மாதம் கிளப் மண்டபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து ஒரு தம்பி வந்து பேசினார். சில ஆண்களுக்கு மூளை வேறு விதமாக அமைந்திருக்குமாம். ஆள் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சில சத்தம் தாங்காது. செய்ததையே செய்வார்கள். அது நோயில்லை, அமைப்பு என்றார். அதுவரை சரி. அப்புறம், அப்படிப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும் என்றார். அதற்குப் பயிற்சி இருக்கிறதாம். காலையில் கண்ணாடி முன் நின்று "நான் இப்படித்தான், இது நல்லதுதான்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். எங்கள் லயத்தில் வீடுகள் ஒரே வரிசையாக ஒட்டி இருக்கும்; சத்தமாகச் சொன்னால் பக்கத்துக் காம்பிராவில் இருப்பவன் பதில் சொல்வான். கொழும்பில் சுவர் தடிப்பு போலிருக்கிறது.

கேள்வி உண்டா என்று கடைசியில் கேட்டார். என் மனைவி பாக்கியம் எழுந்துவிட்டாள்.

"தம்பி, இவர இவரு ஏத்துக்கிட்டு ரொம்ப காலமாச்சு. நாந்தான் இன்னும் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

மண்டபம் சிரித்தது. தம்பியும் சிரித்தார். நல்ல பிள்ளைதான். சிரிப்பு அடங்கியதும் மன்றத்துப் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

என்னைத் திருத்தியவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்து மாஸ்டர் என் தாடையைப் பிடித்துத் தூக்கி, "கண்ணப் பாத்துப் பேசுடா" என்பார். பார்த்தால், "என்னா, மொறைக்கிறியா?" என்று அடிப்பார். பிறகு அப்பா என்னைச் சாமியாடியிடம் கொண்டுபோனார். சாமியாடி வேப்பிலையால் அடித்து, எனக்குள் இருப்பவனை வெளியே வரச் சொன்னார். வரவில்லை. உள்ளே இருந்தது நான்தான். எனக்குப் போக வேறு இடமில்லை. அதற்கும் பிறகு டவுனில் யாரோ ஒருவர் மாத்திரை கொடுத்தார். அதைத் தின்ற நாட்களில் எல்லோர் முகத்தையும் நன்றாகப் பார்த்தேன். யார் என்றுதான் தெரியவில்லை. அம்மா அதைச் சாக்கடைக் கானில் கொட்டிவிட்டாள்.

மலை வேலைக்கு எந்தக் கங்காணியும் என்னைக் கேட்கவில்லை. ஸ்டோரில் போட்டார்கள். தேயிலை அரைக்கிற ஃபெக்டரியைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். பசறையிலிருந்து மேலே ஏறினால் எங்கள் தோட்டத்து ஸ்டோரின் தகரம் தூரத்திலேயே தெரியும். அங்கே ரோலர் காம்பிராவில் என்னை நிறுத்தினார்கள். உள்ளே போனதும் தெரிந்தது, இந்தச் சத்தத்தில் யாரும் பேச முடியாது என்று. ஒரே மாதிரிச் சத்தம். திடீரென்று கத்துகிற சங்கு மாதிரி இல்லை. உலகத்தில் எனக்கென்று ஒரு இடம் கட்டி வைத்து, அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்று நினைத்தேன்.

வேலையைச் சொல்கிறேன். வாடிய கொழுந்து மேல்மாடியிலிருந்து துணிக் குழாய் வழியாக இறங்கும். கீழே ஒரு பித்தளை மேசை. அதன்மேல் அடியில்லாத தொட்டி. இதுதான் ரோலர். தொட்டி வட்டமாகச் சுற்றும். மேசையில் வரம்பு வரம்பாக மேடு இருக்கும். கொழுந்து அதில் உரசி, முறுகி, சாறு விடும். தொட்டிக்கு மேலே ஒரு மூடி. சக்கரத்தைத் திருகினால் மூடி இறங்கிக் கொழுந்தை அழுத்தும். அழுத்தினால்தான் முறுக்கு விழும். அழுத்திக்கொண்டே இருந்தால் கொழுந்து சூடேறிக் கெட்டுப்போகும். அதனால் மூடியைத் தூக்கி, ஆற விட்டு, மறுபடி இறக்க வேண்டும். ஓய்வு பெறும் வரைக்கும் இறக்கினேன், தூக்கினேன். வேறு சாதனை இல்லை.

இனி டீமேக்கர் ஐயா. ஸ்டோருக்கு அவர்தான் ராஜா. பலர் வந்து போனார்கள். நான் சொல்வது கடைசியாக இருந்தவரை.

காலையில் வருவார். முதல் நாள் எந்தக் கதவால் வந்தாரோ அந்தக் கதவால்தான் என்றைக்கும் வருவார். அந்தக் கதவைப் பூட்டி வைத்திருந்தால் திறக்கும் வரை நிற்பார், பக்கத்துக் கதவு திறந்து கிடந்தாலும். ரோலர் ரோலராக வந்து ஒரு பிடி கொழுந்தை எடுப்பார். பிழிவார். கையை விரிப்பார். மூக்கிடம் கொண்டுபோவார். பிறகு கொழுந்தைப் பார்த்துப் பேசுவார். "இத இன்னும் கொஞ்சம் உருட்டணும்." கொழுந்துக்குச் சொன்னதை நாங்கள் கேட்டு நடக்க வேண்டும். ஆள் முகத்தை அவர் பார்த்து நான் கண்டதில்லை. எனக்கு அது வசதி. நான் மூடியைப் பார்த்துக்கொண்டே "சரிங்க" என்பேன். நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதைப் பார்த்தால், கொழுந்தும் மூடியும் பேசிக்கொள்வது போலிருக்கும்.

அவர் மேசையில் கோப்பையின் காது ஜன்னல் பக்கம் இருக்க வேண்டும். ஒரு தடவை கூட்ட வந்த பெண் திருப்பி வைத்துவிட்டாள். அடுத்த நாள் அவள் மலையில் புல்லு வெட்டினாள். மத்தியானம் சோறு, பருப்பு, பொரித்த நெத்தலி. ஒன்றோடு ஒன்று படக் கூடாது. பட்டால் தட்டு திரும்பிப் போகும். பேசுவது கொழுந்தின் ஈரத்தைப் பற்றி மட்டும். ஆபீசுப் பெரிய கிளாக்கர் செத்தபோது செத்த வீட்டுக்குப் போய், அழுதுகொண்டிருந்த அவர் மனைவியிடம், "இன்னைக்கிக் கொழுந்து வாட்டு சரியில்ல" என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவர்.

இதற்கெல்லாம் ஊரில் என்ன பெயர் என்றால், ஐயாவுக்கு வேலையில் அவ்வளவு பற்று. அதையே நான் செய்தால், வீரையாவுக்கு முத்திப்போச்சு. கால்சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தால் அது குணம். சாரம் கட்டியிருந்தால் அது கோளாறு.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷத்துக்கு முன் பக்கத்து ரோலருக்கு லோகநாதன் வந்தான். முப்பது வயதிருக்கும். கலியாணமில்லை. அம்மா மலை வேலையில் இருந்து நின்றுவிட்டதால் காம்பிரா இவன் பேரில்தான். சங்கு ஊதினால் காதில் பஞ்சு வைப்பான். யாராவது தோளில் கை போட்டால் அந்த இடத்தைத் துடைத்துக்கொள்வான். தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்தான் அவன் பேச்சு. எந்த ஊற்றிலிருந்து எந்த லயத்துக்குக் குழாய் போகிறது, எங்கே மூட்டு வைத்திருக்கிறது, யார் சேற்றைக் கிளறி உடைத்தார்கள். கேட்காமலே சொல்வான். மற்றதெல்லாம் கேட்டால்தான் சொல்வான். கேட்டதற்கு மட்டும் சொல்வான்.

முதல் வருஷம் நாங்கள் பேசியதே இல்லை என்று சொல்லலாம். நல்ல சிநேகிதம்.

அப்போது வருஷத்துக்கு ஒரு தரம் ஓடிட் வரும். நம் தேயிலையை வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்கு, தொழிலாளி நன்றாக இருக்கிறான் என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக வருகிறவர்கள். அன்று காலையில் நாங்கள் நன்றாக இருப்போம். கையுறை வரும். மூக்குக்குத் துணி வரும். மருந்துப் பெட்டிக்குள் மருந்து வரும். சாயங்காலம் எல்லாம் பெட்டியில் திரும்பிப் போகும், மருந்து உட்பட.

அந்த வருஷமும் டீமேக்கர் ஐயா பெட்டியைத் திறந்து வைத்து, பெட்டியைப் பார்த்துச் சொன்னார். "இது தெனமும் குடுக்கிறது. கேட்டா அப்படித்தான் சொல்லணும்." எல்லோரும் தலையை ஆட்டினோம். லோகநாதன் ஆட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அவன் கையுறைக்குள் விரலைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தான்.

கொழும்பிலிருந்து வந்தது ஒரு பெண், நோனா என்போம். தமிழ் நன்றாகப் பேசினார். என்னிடம் ஏதோ கேட்டார். நான் காதைக் காட்டி, ரோலரைக் காட்டினேன். போய்விட்டார். லோகநாதனைக் கூப்பிட்டார். சத்தமில்லாத இடமாகப் பார்த்து வெளி வராந்தாவுக்கு அவனைக் கொண்டுபோனார். நான் கதவோரம் கொழுந்து அள்ளுகிற சாக்கில் நின்றேன்.

"தம்பி, இந்தக் கையுறை தெனமும் குடுக்கிறாங்களா?"

"இல்லீங்க. இன்னைக்கிக் காலையில குடுத்தாங்க. நீங்க போனதும் வாங்கிக்குவாங்க."

"அப்படியா?"

"ஆமாங்க. போன வருசமும் அப்படித்தான்." பிறகு அவனே கேட்டான். "நீங்க எத்தனை மணிக்கிப் போவீங்க? கை வேர்க்குது."

டீமேக்கர் ஐயா அன்று கத்தவில்லை. நோனா போனதும் வந்து, லோகநாதனின் ரோலரிடம், "இவனுக்குப் புத்தி சரியில்ல" என்றார். அவ்வளவுதான். ஆனால் ஸ்டோரில் அவர் சொன்னால் சொன்னதுதான். இரண்டு நாளில் தோட்டத்து மேனேஜர் தொரையிடமிருந்து உத்தரவு வந்தது. டொக்டரிடம் காட்ட வேண்டும். புத்தி சரியில்லை என்று டொக்டர் சொன்னால் அவன் சொன்னதற்கு மதிப்பில்லை என்று ஓடிட்காரருக்கு எழுதிவிடலாம். புத்தி சரியில்லாதவனை மிஷினில் வைத்திருக்கவும் முடியாது. பேரை வெட்டிவிடலாம். பேர் வெட்டினால் காம்பிராவும் போகும். விசாரணை முடியும் வரை வேலை செய்யக் கூடாது என்று அவனுக்குச் சொன்னார்கள்.

லயமே அவனுக்குப் புத்தி சொன்னது. ஓடிட்டில் பொய் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடு, மன்னிப்புக் கேள், தொரை காலில் விழு. அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா? எங்க போயிக் குந்துறது நாம?"

"அவங்க கேட்டாங்கம்மா."

"கேட்டா?"

"கேட்டாங்க" என்றான் மறுபடியும். அவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். நாங்கள் வெல்ஃபெயார் ஐயா என்போம். எங்கள் நலனைப் புரிந்துகொள்ள அவருக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்திருந்தார்கள். அவர்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பஸ்ஸில் தெரியாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் லோகநாதன் இறங்கிவிடுவான். அதனால் அம்மா என்னைத் துணைக்குப் போகச் சொன்னாள். அவன் ஜன்னல் ஓரம். நடுவில் ஒரு சாக்குப்பை. அப்புறம் நான். வழி நெடுக எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தான். காம்பிரா போகப் போகிற கவலை எனக்குத்தான் இருந்தது. அவனுக்கு இருந்திருக்கும். அது முகத்தில் வருகிற ஆளில்லை அவன்.

டொக்டர் வயதானவர். களைத்த மனிதர். அவனிடம் நிறையக் கேட்டார். அவன் கேட்டதற்குச் சொன்னான். ஒரு படத்தைக் காட்டி, இதில் இருப்பவன் என்ன நினைக்கிறான் என்று கேட்டார். "எனக்கு எப்படிங்க தெரியும்? அவன்கிட்டக் கேக்கணும்" என்றான். டொக்டர் அதைச் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு?"

"தொணைக்கி வந்தவன்."

"ஏன் சொவரப் பாத்துப் பேசுறீங்க?"

"சொவரு திருப்பி ஒண்ணும் கேக்காதுங்க."

அதற்குத்தான் சிரித்தார். என்னையும் சிலது கேட்டார். சின்ன வயதில் எப்படி, சத்தம் எப்படி, சாப்பாடு எப்படி. கேட்டு முடித்து வெல்ஃபெயார் ஐயாவிடம் சொன்னார். "இது பைத்தியம் இல்ல. இவரு அமைப்பே இப்படித்தான். இதுக்கு மருந்து கிடையாது, தேவையும் இல்ல. வேலை செய்யலாம். துணைக்கு வந்தவரும் இதே ஆள்தான்."

வெல்ஃபெயார் ஐயா தன் கதிரையை என்னிடமிருந்து கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

டொக்டர் அதன் அடையாளங்களை ஒவ்வொன்றாக அவரிடம் சொல்லி, அதற்கு ஒரு பெயரும் சொன்னார். நீளமான பெயர். பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டது. பெயர் தெரிந்தால் மனசு லேசாகும் என்று போன மாதம் வந்த தம்பி சொன்னார். எனக்கு லேசாகவில்லை. பாரமாகவும் இல்லை. பசித்தது. முஸ்லிம் நானா கடையில் ரொட்டி தின்றோம். லோகநாதன் குழம்பைத் தனியாக வாங்கி, அதைத் தொடாமல், வெறும் ரொட்டியைத் தின்றான்.

"அண்ணே, நமக்கு மருந்து இல்லையாமே."

"ம்."

"அப்ப இனிமே யாரும் குடுக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க."

"நல்லது" என்றான். இன்னொரு ரொட்டி கேட்டான்.

எனக்குத் தெரிந்து, தன்னைத் தானே ஏற்றுக்கொள்வது என்பது இவ்வளவு நேரம்தான் எடுக்கும். மீதி நேரமெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொள்வது.

விசாரணை ஸ்டோர் வாசலில் பெரட்டுக் களத்தில் நடந்தது. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். தொரைக்கு ஒரு கதிரை. பக்கத்தில் டீமேக்கர் ஐயா, கையில் ஒரு பிடி கொழுந்தோடு. மத்தியானக் கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் கூடையோடு சுற்றி நின்றார்கள். பாக்கியம் முன்னால். லோகநாதன் வாசல் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அம்மா அவனைத் தொடாமல் அவனுக்குப் பின்னால் நின்றாள்.

வெல்ஃபெயார் ஐயா முன்னுக்கு வந்தார். மருந்து வேண்டாம், வேலை செய்யலாம் என்று டொக்டர் சொன்னதை விழுங்கிவிட்டார். அடையாளங்களை மட்டும் சொன்னார். டீமேக்கர் ஐயாவைக் குளிர வைக்கிற ஆசை அவருக்கு.

"டொக்டர் பாத்த ஒடனே சொல்லிட்டாரு சேர். இந்த மாதிரி ஆளுங்க யாரு மூஞ்சியையும் பாத்துப் பேச மாட்டாங்களாம்."

பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு.

"அவங்க சாமான யாரும் அசைச்சிறக் கூடாதாம். அசைச்சா கோவம் வந்துருமாம்."

புல்லு வெட்டப் போன பெண் கூடையைக் கீழே வைத்தாள்.

"தெனமும் ஒரே சாப்பாடுதானாம். அதுவும் ஒண்ணோட ஒண்ணு படக் கூடாதாம். பேசுனா ஒரே விசயத்தத்தான் பேசுவாங்களாம். எடம் பொருள் தெரியாதாம். செத்த வீட்டுல கூட..."

"ஐயா," என்று பாக்கியம் குறுக்கே வந்தாள். "நீங்க யாரச் சொல்றீங்க? நம்ம டீமேக்கர் ஐயாவையா?"

"இல்லம்மா! லோகநாதன!"

"அப்படியா? நீங்க சொல்லச் சொல்ல எனக்கு அந்த நெத்தலிதான் கண்ணு முன்னுக்கு வந்திச்சு."

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு நிறுவைக்காரன். பிறகு களமே சிரித்தது. தொரை லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். இருமல் நிற்கவில்லை. வெல்ஃபெயார் ஐயா பின்னுக்கு நகர்ந்தார். டீமேக்கர் ஐயா மட்டும் அசையவில்லை. கையிலிருந்த கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பிழிபட்டுச் சாறு விரல் வழியாக இறங்கியது. "நாளைக்கிப் பாப்போம்" என்று தொரை எழுந்து போய்விட்டார்.

சிரித்தவர்களுக்கு அன்று பொழுது இறங்குவதற்குள் பயம் வந்துவிட்டது. ஐயாவை ஊர் முன்னால் கேலி செய்தாயிற்று. இனி லோகநாதன் பேர் வெட்டுவது நிச்சயம், என் பேரும் கூடப் போகலாம் என்றார்கள். பாக்கியம் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"என்னா, நான் பேசினது தப்பா?"

"இல்ல."

"அதுக்கு மேல ஒரு வார்த்த வராதே ஒங்களுக்கு."

மறுநாள் காலையில் டீமேக்கர் ஐயா வழக்கமான கதவால் வந்தார். மற்ற ரோலர்களைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தார். ஒரு பிடி எடுத்தார். பிழிந்தார். விரித்தார். முகர்ந்தார்.

"டொக்டர் அவ்வளவும் சொன்னாரா?" என்று கொழுந்திடம் கேட்டார்.

"சொன்னாருங்க" என்றேன் மூடியிடம்.

"மருந்து?"

"ஒண்ணும் இல்லைன்னாருங்க."

"ஒண்ணுமே இல்லியா?"

"தேவையில்லைன்னாரு. வேலை செய்யலாம்னும் சொன்னாரு. வெல்ஃபெயார் ஐயா அத விட்டுட்டாரு."

நெடுநேரம் முகர்ந்தார். அவ்வளவு நேரம் முகர அந்தக் கொழுந்தில் ஒன்றுமில்லை.

"அப்ப அந்த மாதிரி ஆளுங்க எப்படிக் காலத்த ஓட்டுறாங்க?"

"ஒங்கள மாதிரித்தாங்க, ஐயா."

சொல்லிவிட்டேன். என் பேரும் போயிற்று என்று நினைத்தேன். அவர் கொழுந்தை ரோலருக்குள் போட்டார். கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்தார்.

"அவன வரச் சொல்லு."

"வந்துதாங்க நிக்கிறான்."

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை. லோகநாதன் படங்கைப் போர்த்திக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றான். இடுப்பில் சோத்துப் பார்சல். வேலை செய்யக் கூடாது என்றுதான் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்தி வைத்த நாளெல்லாம் வேலைக்கு வந்து, வெளியே நின்று, வேலை விட்டதும் வீட்டுக்குப் போனான்.

கூப்பிட்டேன். வந்தான். யாருக்கும் கும்பிடு போடவில்லை. படங்கை ஆணியில் மாட்டினான். தன் ரோலரிடம் போய்த் தொட்டிமேல் கையை வைத்தான். அங்கே அன்று வேறு ஆள் நின்றிருந்தான், புதியவன், மூடியை இறக்கியது இறக்கியபடி விட்டிருந்தான்.

"சூடேறுது. மூடியத் தூக்குங்க" என்றான் லோகநாதன், யாரிடம் என்றில்லாமல்.

பின்னாலேயே வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றது டீமேக்கர் ஐயாதான். ஸ்டோரில் அவர் ஒரு சக்கரத்தைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. இஸ்திரி போட்ட சட்டைக் கையை மடித்துவிட்டுத் திருகினார். மூடி மேலே எழுந்தது.

"இன்னும் கொஞ்சம்" என்றான் லோகநாதன்.

"சரி" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் திருகினார்.